மூடாக்கு வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். கிருஷ்ணன்கோவிலில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள 5 சென்ட் காய்கறித் தோட்டத்துக்கு மூடாக்கு போட, 2 டன் தென்னை நார்க்கழிவுக்குச் சொல்லிவைத்தேன். தாராளமாக இருக்கட்டும் என்று நானாகச் சொன்ன அளவு அது. லோடு வந்தது ஓர் அடைமழை நாளில். கொட்டிய குவியலைப் பார்த்தால் மிஞ்சிவிடும் போலத் தெரிந்தது. மறுநாள் பரப்பத் தொடங்கினோம். மொத்தம் 16 பாத்திகள். 12-வது பாத்தியோடு குவியல் தீர்ந்துவிட்டது.

திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இத்தனை படிச்சும் அளந்து வாங்கத் தெரியலையேப்பா" என்றார். உழவியலில் முனைவர் பட்டம் வாங்கியவனுக்கு அதற்குப் பதில் இல்லை. வியாபாரி என்னை ஏமாற்றவில்லை. எடைமேடைச் சீட்டில் 2 டன் சரியாகவே இருந்தது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். மழைத் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருந்தேன்.

மூடாக்கு நல்லது என்பதை இன்று விவசாயிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. எவ்வளவு வேண்டும், எந்த அளவில் வாங்க வேண்டும், அதில் எவ்வளவு நம் நிலத்திலேயே கிடக்கிறது என்ற மூன்று கேள்விகளில்தான் காசு போகிறது. அந்தக் கணக்கைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

இங்கு மூடாக்கு ஏன் அவசியம்?

விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், வத்திராயிருப்பு பகுதிகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருந்தாலும், மாசி பிறந்ததும் மேல்மண் காயத் தொடங்கிவிடும். சித்திரை, வைகாசி வெயிலுக்குப் பிறகு ஆனி, ஆடிக் காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். கிணற்றிலும் ஆழ்குழாயிலும் தண்ணீர் இறங்கும் காலத்தில், ஊற்றிய தண்ணீர் வேருக்குப் போகிறதா, ஆவியாகப் போகிறதா என்பதே பயிரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது.

மண்ணின் மேல் ஒரு போர்வை இருந்தால் வெயில் நேரடியாக மண்ணில் படாது. ஆவியாவது குறையும், களை முளைப்பது குறையும், மண் சூடும் தணியும். ஆனால் அந்தப் போர்வைக்கு ஒரு தடிமன் உண்டு. அது குறைந்தால் பலன் இல்லை. கூடினால் காசு வீண் என்பதோடு, வேருக்குக் காற்றும் தண்ணீரும் போவது தடைபடும்.

முதல் கணக்கு: பரப்பும் தடிமனும்

நம் ஊரில் மணல், செம்மண், ஜல்லி எல்லாம் யூனிட் கணக்கில்தான் வாங்குகிறோம். ஒரு யூனிட் என்பது 100 கனஅடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒரு சென்ட் நிலத்தில் 3 அங்குலம், அதாவது கால் அடி உயரத்துக்குப் பரப்ப சுமார் 109 கனஅடி வேண்டும். எனவே இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சென்ட், 3 அங்குலம், ஏறக்குறைய ஒரு யூனிட். 2 அங்குலம் போதுமென்றால் அதில் மூன்றில் இரண்டு பங்கு. 4 அங்குலம் என்றால் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக, 145 கனஅடி வரும்.

இங்கேதான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். தோட்டம் 5 சென்ட் என்றால் 5 சென்டுக்கும் மூடாக்கு வாங்குகிறார்கள். மூடாக்கு வேண்டியது பாத்திக்கு, நடைபாதைக்கு இல்லை. எங்கள் தோட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தப் பரப்பு 2,178 சதுர அடி. அதில் 3 அடி அகலம், 30 அடி நீளத்தில் 16 பாத்திகள். ஒரு பாத்தி 90 சதுர அடி, பதினாறும் சேர்ந்து 1,440 சதுர அடி. நார்க்கழிவு 2 அங்குலம் போதும் என்பதால், ஒரு பாத்திக்கு 15 கனஅடி; மொத்தம் 240 கனஅடி, அதாவது 2.4 யூனிட். முழுத் தோட்டத்துக்கும் 3 அங்குலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தால் ஐந்தரை யூனிட் ஆகியிருக்கும். சரியான கணக்கு அதில் பாதிகூட வரவில்லை.

நடைபாதையிலும் களை வருமே என்று கேட்கலாம். அங்கே தென்னை ஓலையையோ பருத்திமாரையோ போட்டால் போதும். காசு கொடுத்து வாங்கியதை மிதித்து நடக்க வேண்டாம்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு உயரம்?

நார்க்கழிவு, நிலக்கடலைத் தோல் போன்ற நெருக்கமான பொருட்களுக்கு 2 அங்குலம் போதும். நறுக்கிய தோகை, வைக்கோல் 3 முதல் 4 அங்குலம். மரச்சருகு 4 அங்குலம். தளர்வான சருகு ஒரு நல்ல மழையில் பாதியாக அமுங்கிவிடும். எனவே அமுங்கிய பிறகு நிற்க வேண்டிய உயரத்தைக் கணக்கில் வைத்துப் போடுங்கள்.

வைக்கோலையும் கரும்புத் தோகையையும் கனஅடியில் அளப்பது கடினம். இவற்றுக்கு எடைக் கணக்கே நல்லது. எக்டருக்கு 5 டன் என்பது கரும்புத் தோகை மூடாக்கில் பழகிய அளவு. இது ஏக்கருக்கு 2 டன், சென்டுக்கு 20 கிலோ. மண் மறையும் அளவு இதுதான். காய்கறிப் பாத்தியில் கோடைக்காகப் போடும்போது சென்டுக்கு 40 கிலோ வரை போகலாம். இயந்திரத்தில் கட்டிய வைக்கோல் உருளைகளின் எடை ஒன்றுபோல் இருக்காது. மூன்று கட்டுகளைத் தராசில் நிறுத்துச் சராசரி எடுத்த பிறகு எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கணக்கு: டன்னா, யூனிட்டா?

நான் தோற்ற இடம் இது. நார்க்கழிவு தன் எடையைப் போல 5, 6 மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும். மூடாக்குக்கு அதுவே அதன் சிறப்பு. எடைக்கு வாங்கும்போது அதுவே வினை. 20 சதவீத ஈரமுள்ள ஒரு டன்னில் 800 கிலோ பொருள் இருக்கும். 60 சதவீத ஈரமுள்ள ஒரு டன்னில் 400 கிலோதான் பொருள். விலை ஒன்றே, சரக்கு பாதி.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. 10 லிட்டர் வாளி ஒன்றும் ஒரு தராசும் போதும். வாளியில் நார்க்கழிவை அழுத்தாமல் நிரப்பி, மேலே தட்டையாக வழித்துவிட்டு எடை போடுங்கள். வாளியின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு யூனிட் என்பது இப்படி 283 வாளி. எனவே வந்த எடையை 283-ஆல் பெருக்கினால் ஒரு யூனிட்டின் எடை கிடைக்கும்.

எங்கள் வீட்டில் குவியலின் அடியில் எஞ்சியதை அன்று நிறுத்தபோது வாளிக்கு 4 கிலோ இருந்தது. அப்படியானால் ஒரு யூனிட் 1,132 கிலோ. 2 டன்னுக்கு ஒன்றே முக்கால் யூனிட்தான் வரும். 177 கனஅடியை ஒரு பாத்திக்கு 15 கனஅடி என்று பிரித்தால் 12 பாத்திதான். அதே பொருளை மாசியில் காயவைத்து நிறுத்தபோது வாளிக்கு ஒன்றரை கிலோ. ஒரு யூனிட் சுமார் 425 கிலோ. உலர்ந்ததாக வாங்கியிருந்தால் எனக்குத் தேவையான 2.4 யூனிட்டுக்கு ஒரு டன்னே போதும். நான் 2 டன் வாங்கியும் பற்றவில்லை.

ஆகவே நார்க்கழிவைக் கன அளவில் விலை பேசுங்கள். டிராக்டர் டிரெய்லரின் உட்புற நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கிக்கொள்ளுங்கள். உட்புறம் 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் தட்டையாக நிரப்பியது 120 கனஅடி. வண்டி குலுங்கி வரும்போது பொருள் அமுங்கும். அதனால் ஏற்றும் இடத்தில் இல்லாமல், உங்கள் தோட்டத்தில் இறக்கும் முன் அளப்பதே நியாயம். எடைக்குத்தான் தருவோம் என்றால் மழைக்காலத்தைத் தவிர்த்துத் தை, மாசியில் வாங்குங்கள். வாளிச் சோதனையை ஏற்றும் முன்பே செய்துபாருங்கள்.

கடைகளில் 5 கிலோ நார்த்தூள் கட்டி கிடைக்கிறது. தண்ணீர் ஊற்றினால் 70 முதல் 75 லிட்டர் வரை விரியும். எங்கள் பாத்தி ஒன்றுக்கே 425 லிட்டர், அதாவது 6 கட்டிகள் வேண்டும். 16 பாத்திக்கு 96 கட்டிகள். தோட்டத்துக்கு இது கட்டுப்படியாகாது. மாடித்தோட்டத்துக்குச் சரி. ஓர் அடி விட்டமுள்ள பைக்கு 2 அங்குல உயரத்துக்கு 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போதும். ஒரு கட்டியில் சுமார் 20 பைகளை மூடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நார்க்கழிவில் உப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் உப்பு அதிகம். கழுவிய தூளையே வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் மின்கடத்துத்திறன் பார்த்துக்கொள்ளலாம். அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

இரண்டாவது, பச்சைத் தூளா, மக்கியதா? மக்காத நார்க்கழிவில் கரிம, தழைச்சத்து விகிதம் 112:1. மக்கிய பிறகு அது 24:1 ஆகக் குறைகிறது. பச்சைத் தூளை மண்ணுக்கு மேலே போர்வையாக மட்டும் வைத்திருந்தால் பெரிய தொல்லை இல்லை. மண்ணோடு கலந்துவிட்டால், அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும். என் இரண்டாவது தவறு இதுதான். களை வெட்டும்போது நார்த்தூளையும் சேர்த்துக் கொத்திவிட்டேன். அடுத்த சில வாரங்களில் கத்தரியின் கீழ் இலைகள் மஞ்சளாயின. மேலுரமாகத் தழைச்சத்து கொடுத்துத்தான் தேற்றினேன்.

பச்சைத் தூள் மலிவாகக் கிடைத்தால் மக்கவைத்துப் பயன்படுத்துங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் முறைப்படி ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும், 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் நிழலில் வைத்திருந்தால் சுமார் 60 நாளில் மக்கும். தென்னந்தோப்புக்குள் இந்தக் குவியலை மாதக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள். காண்டாமிருக வண்டு முட்டையிட மக்கும் குப்பையைத்தான் தேடும். புழு தென்பட்டால் பொறுக்கி அழித்து, மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் குவியலில் கலந்துவிடுங்கள்.

மூன்றாவது, களை விதை. பார்த்தீனியம் பூத்த வயலில் இருந்து வந்த வைக்கோலும் சருகும் மூடாக்கு இல்லை, களை நாற்றங்கால். ஒரு கைப்பிடியை வெள்ளைத் துணியில் உதறிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மூன்றாவது கணக்கு: நம் நிலம் தருவது எவ்வளவு?

தென்னைக்கு மூடாக்குப் பரிந்துரை தெளிவாக இருக்கிறது. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர், அதாவது சுமார் 6 அடி ஆரமுள்ள வட்டப்பாத்தியில் 100 உரிமட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கலாம். அல்லது காய்ந்து விழுந்த 15 ஓலைகளைப் போடலாம். அல்லது நார்க்கழிவை 10 சென்டிமீட்டர், அதாவது 4 அங்குல உயரத்துக்குப் பரப்பலாம்.

இந்த மூன்றையும் ஏக்கருக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். வட்டப்பாத்தியின் பரப்பு 113 சதுர அடி. 4 அங்குலத்துக்கு ஒரு மரத்துக்கு 38 கனஅடி நார்க்கழிவு. 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 மரம். ஆக சுமார் 2,640 கனஅடி, 26 யூனிட்டுக்கு மேல். சிறு விவசாயி வாங்கிக் கட்டுப்படியாகும் அளவா இது?

ஓலைக் கணக்குக்கு வருவோம். ஒரு மரம் மாதத்துக்கு ஓர் ஓலை வீதம் ஆண்டுக்குச் சுமார் 12 ஓலை உதிர்க்கிறது. தேவை 15. மீதி மூன்று ஓலைக்கு ஈடாக வரப்பில் வைத்த கிளைரிசிடியா, வாதநாராயணன் தழையை வெட்டிப் போட்டால் கணக்கு நேராகிவிடும். மட்டையும் அப்படியே. ஆண்டுக்கு 100 காய் காய்க்கும் மரம் தனக்கு வேண்டிய 100 மட்டையைத் தானே தருகிறது. நாமோ மட்டையை நார் ஆலைக்கு விற்றுவிட்டு, அதே மட்டையின் தூளை வண்டி வாடகை கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம். எல்லா மட்டையையும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆண்டுக்கு நான்கில் ஒரு பங்கு மரங்களுக்கு மட்டும் ஒதுக்கினாலும் நான்கு ஆண்டில் தோப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும்.

கிருஷ்ணன்கோவிலில் இருந்து மேற்கே பிரியும் சாலையில் போனால் வத்திராயிருப்பு. நெல்லும் கரும்பும் தென்னையும் விளையும் பூமி. கரும்பு வெட்டிய பிறகு தோகைக்குத் தீ வைப்பதை இன்றும் பார்க்கிறோம். சில கிலோமீட்டர் தள்ளி ஒருவர் மூடாக்குக்கு லாரி தேடிக்கொண்டிருக்கிறார். வெட்டு முடிந்த நாளில் அந்த விவசாயியைக் கேட்டால், அள்ளும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் தோகை கிடைக்கும். பருத்திமாரையும் தென்னை ஓலையையும் நறுக்கிப் போட, தூளாக்கும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். நறுக்கியது காற்றில் பறக்காது, சீராகப் பரவும்.

எது மலிவு?

விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொருள் விலை, வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, பரப்பும் கூலி நான்கையும் கூட்டி, அது எத்தனை மாதம் நிற்கும் என்பதால் வகுக்க வேண்டும். கணக்குக்காக ஓர் எடுத்துக்காட்டு. நார்க்கழிவுக்கு எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய் ஆகி, இரண்டு ஆண்டு நின்றால் ஆண்டுக்கு 3,000 ரூபாய். வைக்கோலுக்கு 2,500 ரூபாய் ஆகி, ஒரு பருவத்தில் மக்கி, ஆண்டுக்கு இரண்டு முறை போட வேண்டியிருந்தால் 5,000 ரூபாய். ஆனால் மக்கிய வைக்கோல் மண்ணுக்கு உரமாகிவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. மண் மெலிந்த நிலத்தில் நான் வைக்கோல், தோகை பக்கமே சாய்வேன்.

தக்காளி, மிளகாய், தர்ப்பூசணி என்று ஏக்கர் கணக்கில் செய்பவர்கள் பிளாஸ்டிக் நிலப்போர்வையை நாடுகிறார்கள். அதன் கணக்கு நீளத்தில் வரும். 5 அடிக்கு ஒரு மேட்டுப்பாத்தி என்றால் ஏக்கருக்கு 8,712 அடி, அதாவது சுமார் 2,655 மீட்டர். 400 மீட்டர் சுருளில் 7 சுருள்கள் வேண்டும். 4 அடி அகலத் தாளில் இரு ஓரமும் அரை அடி மண்ணுக்குள் போகும். மேலே நிற்பது 3 அடிதான். ஒரு பருவக் காய்கறிக்கு 25 மைக்ரான், பப்பாளி போல ஓராண்டு நிற்பதற்கு 50 மைக்ரான், பழமரங்களுக்கு 100 மைக்ரான் தாள். மானியம் உண்டா என்று வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் பின் தாளைக் கிழியாமல் சுருட்டி எடுக்கும் கூலியையும் கணக்கில் சேருங்கள். வரப்பில் போட்டுக் கொளுத்துவதும், உழவில் மண்ணோடு புதைப்பதும் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் கேடு.

போடும் முறை

மண் நன்றாக நனைந்த பிறகே மூடாக்குப் போட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் காய்ந்த மண்ணையே காப்பாற்றுகிறோம். நம் பகுதிக்கு மார்கழி கடைசியில் இருந்து தை வரை சரியான நேரம். சொட்டுநீர்க் குழாய் மூடாக்குக்கு அடியில் இருக்கட்டும். நார்த்தூள் முற்றிலும் காய்ந்துவிட்டால் சிறு தூறலை உள்ளே விடாது. செடியின் தூரைச் சுற்றி 2, 3 அங்குலம் இடைவெளி விடுங்கள். ஒட்டிப் போட்டால் தூர் அழுகும். விதைத்த பாத்தியில் நாற்று நன்கு எழுந்த பிறகே போட வேண்டும். கிழக்கே கரிசல் பூமியில் அடைமழைக் காலத்தில் தடித்த மூடாக்கு வேண்டாம், தண்ணீர் தேங்கும். கரையான் உள்ள நிலத்தில் தோகை மூடாக்கைத் தவிர்ப்பதே நல்லது. ஓலை, மட்டைக்கு அடியில் தேளும் பாம்பும் தங்கும். கம்பால் தட்டிய பிறகே கை வையுங்கள்.

எங்கள் வீட்டில் விடுபட்ட 4 பாத்திகளும் அந்தக் கோடைக்கு எனக்குப் பாடமாயின. மூடிய பாத்திகளுக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் போதுமாக இருந்தது. வெறும் பாத்திகளில் மறுநாளே செடி தலை தொங்கியது. பங்குனி பாதியில், தோட்டத்து ஓரத் தென்னைகளின் ஓலையை நறுக்கி அந்த நான்கையும் மூடினேன். அதற்கு ஒரு ரூபாய்கூடப் பொருள் விலை ஆகவில்லை. அந்த ஓலைகள் முதல் நாளிலேயே அங்கேதான் கிடந்தன.

அடுத்த லோடுக்குப் போன் செய்யும் முன் டேப்பை எடுத்துப் பாத்தியை மட்டும் அளங்கள். உயரத்தால் பெருக்குங்கள். உங்கள் நிலத்தில் கிடக்கும் ஓலை, தோகை, சருகு எவ்வளவு என்று கழியுங்கள். மீதிக்கு மட்டும், உலர்ந்த சரக்காக, யூனிட் கணக்கில் விலை பேசுங்கள்.

- கட்டுரையாளர், வேளாண் விஞ்ஞானி